வெள்ளை மணலின் முகவரி

அத்தியாயம் 6

பாஸ்கரனின் வலது ஷூவுக்குள் இன்னும் பிரைட்டன் இருந்தது. இடது ஷூவுக்குள் மார்கேட். மூன்று நாளில் ஐந்து கடற்கரை அலைந்ததில், உதறினாலும் தட்டினாலும் மணல் மட்டும் குடித்தனத்தைக் காலி செய்ய மறுத்தது.

“மேடம், ஒரே ஒரு சந்தேகம். நாம துப்பறியும் நிலையமா, இல்ல பள்ளிக்கூடச் சுற்றுலாவா? இன்னும் ரெண்டு பீச் போனா நான் சுண்டல் விக்க ஆரம்பிச்சுடுவேன்.”

“நீர் கொஞ்சம் வாயை மூடும் தம்பி. நான் வாசிக்கிறன்.”

அருமைநாயகி மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தது ஒரு சின்ன அட்டை. அதில் மொத்தம் நாலே வரி. அதைத்தான் அரைமணி நேரமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணம் பெரிய தபால் கந்தோரில், முகவரி சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் தேடிப் பிடிக்கிற மேசையில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவர் அவர். ‘பெரியம்மா, கிணற்றடி வீடு’ என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தைக்கூட உரிய பெரியம்மா கையிலேயே சேர்த்தவர் என்று கேள்வி. அகதியாக லண்டன் வந்த பிறகு, அதே மூளையை வைத்து விம்பிள்டனில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் நடத்துகிறார். பாஸ்கரன் சென்னையிலிருந்து மேல்படிப்புக்கு வந்தவன். படிப்பு மேலே போகவில்லை. அவன் மட்டும் மாடிப்படி ஏறி இவரிடம் உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். கார் நன்றாக ஓட்டுவான். வாய் கொஞ்சம் நீளம்.

அன்று 1991 அக்டோபர் முப்பது, புதன்கிழமை. இருந்த இடம் மிட்சத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம். எதிரே, எப்போது வெளியே போவார்கள் என்ற முகத்தோடு அதன் தலைவர் டாக்டர் சுந்தரராஜன்.

“மேடம், நான் வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். யாக்கோப்பு எங்களை ஏமாத்தினார். அதுதான் உண்மை. அவர் சம்சாரத்து மேல எனக்குப் பரிதாபம் உண்டு. ஆனா பரிதாபம் வேற, விஞ்ஞானம் வேற.”

அந்தச் சம்சாரம்தான் பெர்னடெற். பத்து நாளைக்கு முன்பு, மழையில் நனைந்த கோட்டோடு மாடியேறி வந்து, கதிரையில் உட்காராமலே சொன்னாள். “என்ர மனிசன் கள்ளன் இல்லை அக்கா. பூசைக்குப் போனாலும் எனக்குப் பின்னால நிண்டு குசுகுசுக்கினம். அவர் கள்ளன் இல்லை எண்டு அந்தக் கம்பெனிக்காரரின்ர கையெழுத்தில வேணும். செத்த மனிசனுக்கு நான் வேற என்னத்தைச் செய்து குடுக்க ஏலும்?”

கதை இதுதான். மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாக்களுக்குள் தீராத பகை. பக்கத்தில் இருப்பதைக் கொல்ல ஒவ்வொன்றும் தனித்தனி விஷம் தயாரிக்கும். (“நாங்க குடியிருந்த திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனம் மாதிரியே,” என்றான் பாஸ்கரன் முதல் நாளே.) அந்த விஷங்களில் ஏதாவது ஒன்று மனிதனை விட்டுவிட்டு நோய்க்கிருமியை மட்டும் கொல்லுமானால், அது புது மருந்து. அதைத் தேடுவதற்காக இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எங்கே போனாலும் கோட்டுப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் ஒரு சின்னக் கரண்டியும் இருக்கும். தேனிலவுக்குப் போனவர்கூட ஒரு உறை மண்ணோடுதான் திரும்ப வேண்டும்.

யாக்கோப்பு இங்கே ஏழு வருஷம் உதவியாளராக இருந்தவர். அவர் கொண்டுவந்த 2214-ஆம் மண்ணிலிருந்து வளர்ந்த ஒரு பாக்டீரியா, எந்த மருந்துக்கும் மசியாமல் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியை ஒரே ராத்திரியில் அடக்கிப் போட்டது. ஆய்வுக்கூடமே கேக் வெட்டிக் கொண்டாடியது. ஆனால் திரும்பத் திரும்ப வளர்த்ததில் அந்தப் பாக்டீரியா விஷம் சுரப்பதையே மறந்துபோயிற்று. இந்தத் தொழிலில் அப்படி நடப்பதுண்டு. உறையவைத்திருந்த முதல் வளர்ப்பு, கிறிஸ்மஸ் விடுமுறையில் ஃப்ரீசர் பழுதாகிச் செத்தது. மண்ணும் தீர்ந்துவிட்டது. மண் எடுத்த இடத்துக்கே மறுபடி போவதைத் தவிர வேறு வழி இல்லை.

‘மோர்டன் பூங்கா, ஓக் மரத்தடி’ என்று யாக்கோப்பு அட்டையில் எழுதியிருந்தார். நாற்பது உறை தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. அதோடு, அங்கே இருப்பது ஒட்டுகிற களிமண். 2214-இல் வெள்ளை மணல் கலந்திருந்தது. எங்கே எடுத்தாய் என்று கேட்டபோது யாக்கோப்பு வாயைத் திறக்கவில்லை. மண்ணே பொய், மருந்தும் பொய், ஏதோ பழைய மருந்தைக் கலந்து காட்டியிருக்கிறார் என்று முடிவு கட்டி மார்ச் மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். ஏப்ரலில் பஸ் நிறுத்தத்தில் மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

“டொக்டர்,” என்றார் அருமைநாயகி, “இந்த அட்டையில ரெண்டு கையெழுத்து இருக்கு.”

“ஆமா. இடமும் தேதியும் கொண்டுவந்தவர் எழுதணும். உறையைப் பிரிக்கறவங்க மண் எப்படி இருக்குன்னு எழுதணும். பிரிச்சது மிஸ் ஹார்ப்பர். ரிட்டயர் ஆயிட்டாங்க. தூசியைக்கூட எண்ணி எழுதற பொம்பளை.”

“‘கறுப்பு மண். மேலே மெல்லிய வெள்ளை மணல். மெழுகுத் துணுக்குகள்.’ இந்த மெழுகைப் பற்றி நீங்கள் ஆரும் கதைக்கேல்லையே?”

“அது எங்களோடதுதான். தட்டு மூட மெழுகுத்தாள் வெச்சிருக்கோம். அதுலேர்ந்து விழுந்திருக்கும்.”

“உங்கட மெழுகுத்தாள் சிவப்போ?”

“இல்லையே. நிறமே கிடையாது.”

“மிஸ் ஹார்ப்பர் ‘சிவப்பும் வெள்ளையும்’ எண்டெல்லோ எழுதியிருக்கிறா.”

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு வருஷமாகப் பார்த்த அட்டைதான். அவருடைய காது சிவந்தது.

“யாக்கோப்பு கொண்டுவந்த மற்ற மண்ணெல்லாம்?”

அறுபத்தோரு அட்டைகள் வந்தன. அருமைநாயகி அவற்றைச் சீட்டுக்கட்டுப் போலப் பிரித்து வைத்தார். பாஸ்கரன் பாக்கெட் காலண்டரில் தேதி பார்த்துக் கிழமை சொல்லிக்கொண்டே வந்தான். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. பூசை முடிந்து நடக்கிற நடையில் எடுத்தவை. ஒன்றே ஒன்று மட்டும் வியாழன். 2214. தேதி 1989 நவம்பர் இரண்டு.

“வியாழக்கிழமை வேலை நாளெல்லோ? அவர்ர லீவுப் புத்தகத்தைக் காட்டுங்கோ.”

லீவுப் புத்தகம் வந்தது. 1989 நவம்பர் இரண்டாம் தேதி லீவு. 1990 நவம்பர் இரண்டாம் தேதியும் லீவு. எண்பத்தொன்பதுக்கு முந்திய ஐந்து வருஷமும் அந்தத் தேதியில் மனிதர் லீவே எடுத்ததில்லை.

“கல்யாண நாளா இருக்கும்,” என்றான் பாஸ்கரன். “அஞ்சு வருஷம் மறந்து, சம்சாரம் ஒரு போடு போட்டதும் ஞாபகம் வந்திருக்கும்.”

“கலியாண நாளுக்கு மெழுகுதிரி கொளுத்தி, மணல் பரப்புவினமோ தம்பி?” அருமைநாயகி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் கையில் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ஆனால் வழக்கமாக அப்போது ஒரு சின்னச் சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை. “எங்கட கந்தோரில நவம்பர் ரெண்டாந் தேதி பாதிக் கதிரை வெறுமையாக் கிடக்கும். வேதக்காரருக்கு அது ஆத்துமாக்களின்ர நாள். சேமக்காலைக்குப் போய், தங்கட செத்த ஆக்களைத் தாட்ட இடத்தில புல்லுப் புடுங்கி, புது வெள்ளை மணல் பரப்பி, மெழுகுதிரி கொளுத்துவினம். நீங்கள் எல்லாரும் மணலைக் கண்டவுடன கடற்கரைக்கு ஓடினியள். நானும்தான் ஓடினன். இது கடல் மணல் இல்லை டொக்டர். கல்லறை மணல்.”

பாஸ்கரன் பாக்கெட் காலண்டரை மூடி வைத்தான்.

“அப்போ எண்பத்தொன்பதுல அவங்க வீட்டுல யாரோ இறந்திருக்காங்க,” என்றான் பாஸ்கரன்.

டாக்டர் தலையை ஆட்டினார். “இல்ல. அந்த வருஷம் அவர் எந்தச் சாவுக்கும் லீவு எடுக்கல. புத்தகத்தைப் பாருங்க.”

அருமைநாயகி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மோர்டனில் பெர்னடெற்றின் வீடு நெருக்கமான வரிசை வீடுகளில் ஒன்று. பள்ளிக்கூடச் சமையலறையில் மத்தியான ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். தேத்தண்ணி வைத்தாள். கம்பெனியிலிருந்து ஏதும் சொன்னார்களா என்று வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டாள்.

“பெர்னடெற், உங்கட ஆக்களை ஆரையேன் லண்டனில தாட்டிருக்கோ?”

“இல்லை அக்கா. இவரை மட்டும்தான், ஏப்ரலில. மற்றவை எல்லாரும் ஊரில, குருநகரில.”

“நவம்பர் ரெண்டாந் தேதி இவர் எங்க போறவர்?”

“எங்கயும் போறேல்லை. வேலைக்குத்தான். பின்னேரம் ரெண்டு பேருமாப் பூசைக்குப் போவம்.”

பாஸ்கரன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான். லீவு எடுத்துவிட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லி இரண்டு வருஷம் வெளியே போயிருக்கிறார் மனிதர். வேறு வழக்கென்றால் இந்த இடத்தில் அவன் ஒரு ‘சின்ன வீடு’ ஜோக் அடித்திருப்பான். நாக்கு நுனிவரை வந்ததை நல்லவேளையாக விழுங்கினான்.

அருமைநாயகி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். “பிள்ளையள் இல்லையோ உங்களுக்கு?”

பெர்னடெற் மேசையில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். மறுபடி விரித்தாள்.

“ஒண்டு பிறந்தது அக்கா. எண்பத்தொண்டில. பெட்டைப்பிள்ளை. ரெண்டு நாள் இருந்ததாம். ஆஸ்பத்திரியில ஏதோ கிருமி பிடிச்சு, என்ன மருந்துக்கும் கேக்கேல்லையாம். எனக்கும் அதே காய்ச்சல். எட்டு நாள் எனக்கு நினைவில்லை. நான் கண் முழிக்கேக்க எல்லாம் முடிஞ்சுது. ‘நாங்களே அடக்கம் செய்து விடுறம்’ எண்டு கடதாசி நீட்ட, இவர் கையெழுத்து வைச்சிட்டார். அவருக்கு அப்ப இங்கிலீசும் சரியா வராது. நான் பிழைப்பனோ எண்டு பயத்தில நிண்ட மனிசன்.”

“எங்க தாட்டவை?”

“தெரியாது. போய்க் கேட்டம். இப்பிடிச் சின்னதுகளை எல்லாம் சேர்த்து ஒரு குழியில வைக்கிறது, இடம் சொல்லுற வழக்கமில்லை எண்டினம். நான் ஆறு வருசம் ஒரு மனிசி மாதிரி இருக்கேல்லை அக்கா. பிள்ளையின்ர முகத்தை நான் பார்க்கேல்லை. பிறகு ஒருநாள் நானே இவருக்குச் சொன்னன், இனி இந்தக் கதை எங்கட வீட்டில வேண்டாம் எண்டு. அதுக்குப் பிறகு அவர் ஒருக்காலும் கதைக்கேல்லை.”

வெளியே காருக்குள் ஏறியதும் பாஸ்கரன் சாவியைத் திருகவில்லை.

“எண்பத்தொன்பதுல யாரும் சாகல மேடம்.”

“ஓம் தம்பி. அந்த வருசம் அவர் கண்டுபிடிச்சவர்.”

அந்த ஆஸ்பத்திரி எந்த மயானத்தோடு ஒப்பந்தம் வைத்திருந்தது என்பது ஒரு டெலிபோன் பெட்டியில் மூன்று நாணயம் போட்டதோடு தெரிந்துவிட்டது. யாக்கோப்பு அதைத் தேடிய காலத்தில் அப்படி யாரும் டெலிபோனில் சொல்லமாட்டார்கள். இதைச் சொன்னவர் மயானக் கந்தோர் குமாஸ்தா டன். அறுபது வயது அயர்லாந்துக்காரர். மேசை முழுக்க பிஸ்கட் தூள்.

“யாக்கோப்பு? மணல்காரரா?” என்றார் ஆங்கிலத்தில். “குழந்தைகள் விளையாடுகிற மணல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மணல் போடக் கவுன்சில் விதியில் இடமில்லை என்றேன். சரி ஐயா என்றார். அப்புறமும் மூட்டையோடு நின்றுகொண்டே இருந்தார். என்ன செய்வது? நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மணல் போட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.”

“முதல்ல எப்ப வந்தவர்?” என்று அருமைநாயகி கேட்டதைப் பாஸ்கரன் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தான்.

“எண்பத்தொன்பது வசந்தத்தில். சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒவ்வொரு மயானமாகத் தேடிக்கொண்டு வருவதாகச் சொன்னார். இது பதினோராவது.”

பெரிய பதிவேட்டை இழுத்துப் பிரித்தார் டன். 1981. ஒரே குழி எண்ணின் கீழே பதினேழு வரிகள். பெயர் ஒன்றும் கிடையாது. குழந்தை, ஆண், இன்னாருடையது, குழந்தை, பெண், இன்னாருடையது என்று போனது. பன்னிரண்டாவது வரியில் பெர்னடெற்றின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

“பேனாவால் எழுதினால் என் வேலை போகும்,” என்றார் டன். “பென்சில் என்றால் பரவாயில்லை என்று நானே எழுதினேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். மனைவியை அழைத்துவரவில்லையா என்று கேட்டேன். ‘அவள் இப்போதுதான் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருக்கிறாள்’ என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.”

பாஸ்கரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு வார்த்தை. டாக்டரின் அறையில் அந்த ஒரு வார்த்தையை யாக்கோப்பு சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது; ஒருவேளை உயிரும் போயிருக்காது. சொன்னால் கம்பெனி ஆள்கள் கரண்டியும் உறையுமாக இங்கே வந்து மொய்ப்பார்கள். அன்று மாலையே விஷயம் பெர்னடெற் காதுக்குப் போகும். கள்ளன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு வாயை இறுக மூடிவிட்டார் மனிதர். நான் அவரை மூன்று நாள் கடற்கரையில் கிண்டல் செய்துகொண்டு திரிந்தேன் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்னை அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“நீர் போய்ப் பெர்னடெற்றைக் கூட்டிக்கொண்டு வாரும்,” என்றார் அருமைநாயகி. “நான் டொக்டரைக் கூப்பிடுறன்.”

“மேடம், சொல்லித்தான் ஆகணுமா? அவர் உசிரோட இருக்கும்போதே மறைச்சதை…”

“கடிதம் ஆரின்ர பேருக்கு வந்ததோ, அவையின்ர கையில குடுக்கவேணும் தம்பி. உள்ள என்ன இருக்கு எண்டு பார்த்து மறைக்க எங்களுக்கு உரிமையில்லை. அவர் மறைச்சார். அவருக்கு உரிமை இருந்ததோ தெரியாது. எங்களுக்கு இல்லை.”

பெர்னடெற் நல்ல சேலை உடுத்திக்கொண்டு, அதன்மேல் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு ஏறினாள். மடியில் ஒரு ஃபைல். யாக்கோப்பின் சான்றிதழ்கள், கம்பெனி கொடுத்த பாராட்டுக் கடிதம், எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள்.

“கம்பெனிக்கோ போறம் தம்பி? பெரிய ஆக்கள் எல்லாரும் இருப்பினமோ?”

“டாக்டர் இருப்பாரும்மா.”

“நான் இங்கிலீசில கதைக்கேக்க பிழை விட்டா நீங்கள் சொல்லித் தரவேணும்.”

“சரிங்கம்மா.”

ஒரு சிக்னல், இன்னொரு சிக்னல். பாஸ்கரன் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாகக் கார் ஓட்டியதில்லை. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.

“இது மிட்சம் ரோட்டு இல்லையே தம்பி.”

அவன் வண்டியை இடது பக்கம் திருப்பினான். பெரிய இரும்புக் கதவும் அதற்கு அந்தப் பக்கம் கல்லறைகளும் தெரிந்தன. பெர்னடெற் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒருதரம் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் முகம் அவனை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“ஐயோ,” என்றாள், சத்தமே இல்லாமல்.

வேலியோரமாக ஒரு கீற்று நிலம். கல் இல்லை, சிலுவை இல்லை. வெட்டின புல்லுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் வெள்ளையாக, போன வருஷத்து மணல் மழையில் கரைந்து மிஞ்சிக் கிடந்தது. சுந்தரராஜன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். பதிவேட்டைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தார். அருமைநாயகி பெர்னடெற்றின் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை, எதையும் மெழுகவில்லை. பதினோரு மயானம், பதினேழு குழந்தைகள், இரண்டு மெழுகுவத்தி.

“பேர் எழுதிவைச்சவரோ? என்ன பேர்?”

“இம்மாகுலேற்.”

பெர்னடெற் நின்ற இடத்திலேயே மண்டியிட்டாள். ஃபைல் சரிந்து காகிதங்கள் ஈரப் புல்லில் விழுந்தன. யாரும் பொறுக்கவில்லை.

“நான் வயித்தில வைச்சுக்கொண்டு சொன்ன பேர். பெட்டை எண்டால் இம்மாகுலேற் எண்டு. இந்தப் பேரை ஆர் முழுசாக் கூப்பிடுறது எண்டு என்னோட பகிடி விட்டவர்.” பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் சேர்ந்தே வந்தது. “பாவி மனிசா! நான் சிரிச்சன் எண்டு எனக்குச் சொல்லாம விட்டனியோ? என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா ரெண்டு பேருமா அழுதிருப்பமே! தனிய வந்து, தனிய நிண்டு, தனியவே போயிட்டியே!”

சுந்தரராஜன் ஓர் அடி முன்னால் வந்தார். “அம்மா, நான் அவரைப் பத்துத் தடவை கேட்டேன். எங்க எடுத்தேன்னு. கத்தினேன். அவர் தலை குனிஞ்சு நின்னார். தப்புப் பண்ணினவன்தான் அப்படி நிப்பான்னு நெனச்சேன். அந்த ரிப்போர்ட்டை நானே கிழிச்சுடறேன். மண் நிஜம், கண்டுபிடிச்சது அவர்தான்னு என் கையெழுத்துல எழுதித் தரேன். இடத்தை மட்டும் ஏன் மாத்திச் சொன்னார்ன்னு…”

“அதையும் எழுதுங்கோ டொக்டர்.” பெர்னடெற் முகத்தைத் துடைக்காமலே நிமிர்ந்தாள். “பொய் சொன்னவர் எண்டு எழுதுங்கோ. பயமில்லாமல் எழுதுங்கோ. கள்ளன் எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அவர் பொய் சொன்னது உங்களுக்கில்லை, எனக்கு. அதுக்கு அவரை மன்னிக்கவேண்டியது நான். கம்பெனி இல்லை.”

டாக்டர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். எடுப்பதா வேண்டாமா என்று அந்தக் கை உள்ளேயே தயங்கியது. அருமைநாயகி அவருக்குப் பதிலாகப் பேசினார்.

“பெர்னடெற், அந்தப் பாக்டீரியா இந்த மண்ணில இப்பவும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இருந்தா, உங்கட பிள்ளைக்கு வந்த மாதிரி வாற பிள்ளையளுக்கு ஒருநாள் மருந்தாகும். அதுக்குக் கன வருசம் செல்லும். ஒரு கரண்டி மண் போதும் எண்டுறார். நீங்கள் வேண்டாம் எண்டால் நாங்கள் இப்பவே போயிடுவம். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

காற்றில் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. பெர்னடெற் அந்த வெள்ளைக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவர் எடுத்தவர்தானே,” என்றாள் கடைசியில். “யோசியாமல் எடுத்திருக்கமாட்டார். எடுங்கோ.”

டாக்டர் காகிதம் சுற்றிய கரண்டியையும் புது உறையையும் எடுத்து நீட்டினார். “நீங்களே எடுத்தா நல்லதும்மா. மணலை ஒதுக்கிட்டு, கீழ இருக்கற கறுப்பு மண். இந்தக் கரண்டியால மட்டும். கை படக் கூடாது. கை பட்டா நம்ம தோல்ல இருக்கற கிருமியெல்லாம் அதுல கலந்துடும்.”

பெர்னடெற் கரண்டியை வாங்கவில்லை. கையுறையைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். வெள்ளை மணலைக் கன்னத்தை வருடுகிற மாதிரி விரலால் ஒதுக்கினாள். கீழே இருந்த கறுப்பு மண்ணின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“கை படக் கூடாதோ டொக்டர்?” என்று கேட்டாள், அவரைத் திரும்பிப் பாராமல். “என்ர கை இவளில ஒருக்காலும் படேல்லை.”

சுந்தரராஜன் கரண்டியைத் தன் கோட்டுப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.